குப்பாயப் பெட்டி

அந்தப் பெட்டிக்குள் குப்பாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அதை எடுப்பதற்காக நெருப்புக்குள் ஓடிய மனிதரை நான் தடுக்கவில்லை.

இதுதான் என் குற்றம். முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துப் பேசத் தொடங்கினால் எனக்குச் சாதகமான இடத்தில் நிறுத்திக்கொள்வேன்... என்னை எனக்குத் தெரியும்.

எங்கள் அருங்காட்சியகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வடசேரியில் பேருந்து ஏறி அரை மணி நேரம் வர வேண்டும். பழைய தேவாலயம்; அதை ஒட்டிப் பள்ளிக்கூடம்; பள்ளிக்கூடத்தின் பின்னால் ஓடு வேய்ந்த இரண்டு அறைகள். ஒரு காலத்தில் அது தையல் வகுப்பு. முப்பத்தொரு வருடம் நான் அங்கேதான் தையல் ஆசிரியை. பிள்ளைகள் குறைந்து வகுப்பு மூடப்பட்டதும், சபையார் அந்த அறைகளில் பழைய பொருள்களைச் சேர்த்து வைத்தார்கள். மரக்கால், நாழி, பனையேறிகளின் பாளை அரிவாள், லேஸ் பின்னும் தலையணைகள், எழுத்து மங்கிய ஜெபப் புத்தகங்கள். நான் ஓய்வு பெற்றபோது, "டீச்சர், இதைப் பாத்துக்கிடுங்க" என்று சாவியைக் கையில் கொடுத்தார்கள்.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. கோயிலுக்குப் போகிறவள், வயலும் களமும் வைத்திருந்த குடும்பம். இருந்தும் என்னை நம்பிக் கொடுத்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது வேண்டும்.

அங்கே இருந்தவற்றில் விலைமதிப்பற்றது ஒரு குப்பாயம். குப்பாயம் என்றால் தொளதொளவென்ற பழைய காலத்து மேல்சட்டை. மார்பை மறைத்துத் துணி போடும் உரிமை சில பெண்களுக்கு இல்லாதிருந்த காலம் இந்த மண்ணில் இருந்தது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் பாக்கியம் என்ற பெண் அந்தக் குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனாள். சந்தையில் வைத்து அதைப் பிடித்துக் கிழித்தார்கள். இடது தோளிலிருந்து விலா வரைக்கும் கிழிசல். கிழிசலின் ஓரத்தில் கையளவு பழுப்புக் கறை. அது இரத்தம் என்பது அவள் குடும்பத்தார் சொல்லிவந்த சொல்.

கிழிசலைத் தைக்கக் கூடாது, கறையைப் போக்கக் கூடாது என்று பாக்கியமே சொல்லிவிட்டுப் போனாளாம். ஐந்து தலைமுறையாக அவர்கள் அதைக் காப்பாற்றிப் பலாமரப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

கொடுத்தவர் ஞானமுத்து அண்ணாச்சி. பாக்கியத்தின் வழியில் வந்த ஐந்தாம் தலைமுறைப் பேரன். வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் கொத்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பெட்டியைக் கொடுத்த கையோடு காவல் வேலைக்கும் அவரே வந்துவிட்டார். "எதுக்கு அண்ணாச்சி இந்த வேலை? பிள்ளைகள் நல்லா இருக்காங்கல்லா?" என்று கேட்டேன்.

"எனக்க பாட்டிக்க சட்டை இங்க கெடக்கு டீச்சர். நான் வீட்டுல இருந்து என்ன செய்ய?" என்றார். "அங்க எத்தனையோ நாட்டுக்காரன்கூட ஒரே முறியில கெடந்தேன். ஒவ்வொருத்தனும் அவனவன் பெருமையைச் சொல்லுவான். எனக்குச் சொல்லதுக்கு இது ஒண்ணுதான் உண்டும், கேட்டியளா!"

வருடத்துக்கு ஒரு நாள்தான் பெட்டி திறக்கும். சபையின் அசன விழா அன்று. ஊரே சேர்ந்து சமைத்து, சாதி பேதம் பாராமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் நாள் அது. தோவாளையிலிருந்து வந்த பிச்சிப்பூவை மேசையில் பரப்பி அதன்மேல் பெட்டியை வைப்பார்கள். அண்ணாச்சிதான் சுமந்து வருவார். நான் திறப்பேன். பெண்கள் வரிசையாக வந்து பார்ப்பார்கள். யாரும் தொட மாட்டார்கள். சிலர் அழுவார்கள்.

அண்ணாச்சி மூன்று விழாக்கள் சுமந்தபின், நான்காவது விழாவுக்கு எட்டு நாள் முன்னால் அந்தப் பெட்டியைத் தனியாகத் திறந்தேன். அடைமழைக் காலம். பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. துணியில் சாம்பல் நிறப் புள்ளிகள்.

யாரையாவது கேட்டிருக்கலாம் அல்லவா? திருவனந்தபுரத்தில் ஆள் இருக்கிறார்கள், சென்னையில் இருக்கிறார்கள். ஒரு போன் போதும். ஆனால் துணியைப் பற்றி எனக்கு இன்னொருவர் சொல்லித் தருவதா? முப்பத்தொரு வருடம்! இந்த ஊரில் எத்தனை கல்யாணப் பட்டுகளுக்கு என் கைதானே வைத்தியம் பார்த்தது!

பூந்திக்கொட்டையை ஊற வைத்து, கசக்கி, வடிகட்டி, எனாமல் பேசினில் ஊற்றினேன். பழைய பட்டுத் துணியை அப்படித்தான் அலசுவோம். தேய்க்க மாட்டோம், பிழிய மாட்டோம். கறையில் தண்ணீர் படாமல் மற்ற இடத்தை மட்டும் நனைத்து எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

முதலில் போனது கறைதான். என் கண்முன்னே தண்ணீர் பால் விடாத கட்டன் சாயா நிறமாயிற்று. பதறிப்போய் இரண்டு கையாலும் துணியைத் தூக்கினேன். கை மேலே வந்தது. துணி தண்ணீரிலேயே நின்றுவிட்டது...

துண்டு துண்டாக, நூல் நூலாகப் பிரிந்து மிதந்தது. ஐயோ! ஐயோ! என்று நானே என் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தத் தையல் அறையில் எத்தனை பிள்ளைகளை "கவனம் எங்கே போயிற்று?" என்று கேட்டு முட்டி போட வைத்திருக்கிறேன்!

அன்றைக்கே சொல்லியிருந்தால் அது ஒரு தவறு. அவ்வளவுதான். ஏன் சொல்லவில்லை?

நான் சொன்னேன் அல்லவா, வயலும் களமும் வைத்திருந்த குடும்பம் என்று. அந்தச் சந்தையில் பாக்கியத்தின் சட்டையைப் பிடித்து இழுத்த கை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் சாதி ஆட்களில் ஒருவன் கை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கறையைக் கழுவியது நான் என்று தெரிந்தால் என்ன சொல்வார்கள்? அன்று கிழித்தார்கள், இன்று கழுவிவிட்டார்கள்... முப்பத்தொரு வருடம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெயரெல்லாம் ஒரே நாளில் போய்விடுமே என்று பயந்தேன்.

அவர்கள் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அவர்களைப் பற்றி நான் அப்படி நினைத்தேனே, அதுவும் ஒரு குற்றம்.

நூல்களை அள்ளி நிழலில் உலர்த்தி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என் பீரோவில் வைத்தேன். பெட்டியைத் தூக்கும்போது உள்ளே வெறுமை தெரியக் கூடாதே! லாங்கிளாத் என்கிற வெள்ளைப் பருத்தித் துணி, புதிது, ஒன்றரை மீட்டர் மடித்து அதற்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு ஒரு விதி அறிவித்தேன்.

"துணி ரொம்ப நலிஞ்சுபோச்சு. இனிமே காத்துப் படக் கூடாது. பெட்டியைத் திறக்க வேண்டாம்."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அண்ணாச்சிதான் கொஞ்சம் முகம் வாடி நின்றார். பிறகு, "டீச்சர் சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த வருடம் மூடிய பெட்டியைப் பூவின் மேல் வைத்தார்கள். திறந்திருந்தபோது தொடாதவர்கள், மூடியிருந்ததால் தொட்டார்கள். வரிசையில் வந்த ஒவ்வொரு பெண்ணும் மூடியின்மேல் கை வைத்துக் கண்களை மூடினாள். பக்கத்தில் சாவியோடு நான் நின்றேன். நின்றேன்! அடுத்த வருடமும் நின்றேன்!

பிறகு நெருப்பு வந்தது.

அதில் எனக்குப் பங்கில்லை. மின்கசிவு என்று எழுதினார்கள், மின்கசிவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை நேரம். ஆராதனை முடிந்ததும் பார்க்க வருகிறவர்களுக்காக நான் முன்கூட்டியே வந்து, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பள்ளிக் குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஓட்டிடுக்கில் புகை. என் சத்தம் கேட்டு, தேவாலயத்தின் கடைசி வரிசையில் இருந்த அண்ணாச்சிதான் முதலில் ஓடி வந்தார்.

தோளில் கிடந்த துண்டை என் குடத்தில் முக்கிப் பிழிந்தார். தலையில் சுற்றினார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"டீச்சர், பெட்டி உள்ளதானே இருக்கு?"

நான், "ஆமா" என்றேன்.

அந்த ஒரு சொல்லை எத்தனை முறை திருப்பிப் பார்த்துவிட்டேன்! கேட்டது பெட்டியை. பெட்டி உள்ளேதான் இருந்தது. பொய் சொல்லவில்லையே என்று எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடியும் பார்த்துவிட்டேன். "போகாதீங்க, உள்ளே வெறும் லாங்கிளாத்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் துண்டைப் பிழிந்து சுற்றிய நேரம் போதும். அதற்குள் இரண்டு முறை சொல்லியிருக்கலாம்.

பதற்றத்தில் வாய் வரவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். நல்லவர்கள் நீங்கள்... ஆனால் உண்மை அதுவல்ல. அந்தக் கணத்தில் என் மனம் தெளிவாகவே இருந்தது. "எரிந்து போகட்டும், பெட்டியோடு எல்லாம் எரிந்து போகட்டும், இனி யாரும் கேட்க மாட்டார்கள்" என்று அது நினைத்தது. எனக்கு நெருப்பைப் பார்த்து ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலில் இருந்துகொண்டுதான் "ஆமா" என்றேன்.

அவர் பெட்டியோடு வந்தார். மூடி பற்றி எரிந்துகொண்டிருந்தது. பெட்டியைக் கீழே போட்டிருக்கலாம், போடவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, பலாமரத்தடியில் குழந்தையைக் கிடத்துவது போல மெதுவாக வைத்தார். அதன் பிறகுதான் விழுந்தார். வைக்கும்போது அவர் விரல்கள் பெட்டியை விட்டு வரவில்லை. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். கைகள் இரண்டும் வெள்ளைக் கட்டு. அவர் மனைவி ஜெயபாய் என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "ஒரே கேள்விதான் டீச்சரம்மா கேட்டுட்டே கெடக்காரு" என்றாள்.

"பெட்டி?" என்றார் அவர்.

"பத்திரமா இருக்கு."

"தொறந்தியளா?"

"இன்னும் இல்லை. ஆள் வந்து பார்க்கணும்" என்றேன்.

அதுவும் நான் போட்ட விதிதான். துணிகளைப் பாதுகாக்கப் படித்த ஒரு பெண் வெளியூரிலிருந்து வருவாள், அதுவரை திறக்க வேண்டாம் என்று சொல்லி, பெட்டியை என் வீட்டில் வைக்கச் சம்மதித்தேன். ஆமாம், அவர்களே கேட்டார்கள். என்னைவிட நம்பகமானவர் யார் இருக்கிறார்!

நான்கு நாள் அந்தப் பெட்டி என் வீட்டில் இருந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் பீரோவைத் திறந்தேன். பிஸ்கட் டின்னை எடுத்தேன். இஸ்திரிப்பெட்டியைச் சூடு பண்ணினேன்.

புரிந்திருக்கும். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஐந்து தலைமுறை காப்பாற்றிய குப்பாயத்தில் எஞ்சியிருந்த நூல்களை, ஒவ்வொரு பிடியாக, மேசையில் பரப்பிக் கருக்கினேன். எந்தச் சூட்டில் எந்தத் துணி எப்படிக் கருகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? லாங்கிளாத்தை எடுத்துவிட்டு அவற்றை உள்ளே வைத்தேன். வீடு முழுவதும் கருகல் வாடை. குப்பாயத்தை எரித்தது மின்கசிவு இல்லை. நான்.

மறுநாள் வந்த பெண் சின்ன வயதுதான். சாம்பலை அரிப்புச் சல்லடையில் அரித்துக்கொண்டிருந்த சபைப் பெண்களிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை, "எதையும் தண்ணியில நனைச்சிடாதீங்க. பழைய துணின்னா கண்டிப்பா கூடாது!" பல் துலக்கும் பிரஷால் கரியைத் தட்டி எடுப்பது எப்படி என்று காட்டினாள். அவர்கள் சிரத்தையாகக் கற்றுக்கொண்டார்கள்.

பெட்டியை எல்லாருடைய முன்னிலையிலும் திறந்தேன். ஒரு முனகல் எழுந்தது. அந்தப் பெண் குனிந்து லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது முன்னாடி எப்பவாவது நனைஞ்சிருக்கா மேடம்?"

"தீயணைப்பு வண்டித் தண்ணி பட்டிருக்கும்" என்றேன்.

வண்டி வந்தபோது பெட்டி பலாமரத்தடியில் இருந்தது. அங்கே நின்ற பத்துப் பேருக்கும் அது தெரியும். ஒருவருக்குக்கூட என்மேல் சந்தேகம் வரவில்லை. அவள் மட்டும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எதையோ எழுதிக்கொண்டாள். மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும்... ஏன் கேட்காமல் போனாய் அம்மா?

அறைகள் மறுபடி எழுந்தன. ஓடு மாற்றினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சாம்பலிலிருந்து பித்தளை நாழிகள் கிடைத்தன, லேஸ் பின்னும் கட்டைகள் இருபது கிடைத்தன, அரிவாள்கள் பிடியில்லாமல் கிடைத்தன. புதுக் கண்ணாடிப் பேழையில் கருகிய நூல்களை வைத்தார்கள். அதன் பக்கத்துச் சுவரில் ஒரு கல் பதித்தார்கள். மயிலாடியில் கொத்தியது. வாசகம் எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டார்கள். என் தமிழ் சுத்தமாக இருக்குமாம்.

"பாக்கியம் அணிந்த குப்பாயம் தீயில் அழிந்தது. அதை மீட்கத் தம் கைகளைத் தந்தவர் ஞானமுத்து."

ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் வந்தால் படித்துப் பாருங்கள். கல்லில் வெட்டிய பொய்யை நீங்கள் வேறெங்கும் இவ்வளவு அருகில் நின்று பார்த்திருக்க மாட்டீர்கள்.

அண்ணாச்சிக்கு விரல்கள் மடங்காது. பொத்தான் போட முடியாது என்று ஜெயபாய் சொன்னாள். பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டி வைத்து, மணிக்கட்டால் அழுத்தினாலே மூடிக்கொள்ளும்படி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். அவர் குழந்தை மாதிரி திறந்தும் மூடியும் பார்த்தார். "டீச்சருக்க மனசு யாருக்கு வரும், சொல்லு ஏட்டி!" என்று மனைவியைக் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது.

சென்ற அசன விழாவில் கருகிய பெட்டியை இரண்டு மணிக்கட்டுகளுக்கு இடையில் இடுக்கி அவரேதான் கொண்டுவந்தார். பூவின் மேல் வைத்துவிட்டு, எல்லாரையும் பார்த்துக் கும்பிட முயன்றார். கைகள் சேரவில்லை. "எனக்க பாட்டி நம்மை நம்பி விட்டுட்டுப் போன சாதனம். காப்பாத்தத் தெரியாமப் போச்சு. எல்லாரும் பொறுத்துக்கிடணும்" என்றார். கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள்.

பந்தியில் அவர் பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். ஜெயபாய் சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் என் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் டீச்சர். வேற யாருட்டயும் சொன்னதில்ல."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அண்ணைக்குத் துண்டை முக்கிப் பிழிய நின்னேன்லா... ஓர்மை இருக்கா? உயிருக்குப் பயந்துதான் நின்னேன். அந்த நேரம் நிக்காம ஓடியிருந்தா துணி கெடச்சிருக்கும். மூடி அப்பதான் பத்த ஆரம்பிச்சுது. நான் நின்னதுல போச்சு. படுத்தா அதாக்கும் நெனப்பு." கண் கலங்கியிருந்தது. துடைக்க முடியவில்லை. "உங்களை நம்பித் தந்ததை நான் சாம்பலாக்கிட்டேன். மன்னிச்சிருங்க டீச்சர்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! என்னிடம்!

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். "அண்ணாச்சி..." என்ற வரைக்கும் வந்தது. அதற்குமேல் வந்தது என்ன தெரியுமா? "இன்னும் கொஞ்சம் சாம்பார் விடச் சொல்லட்டுமா?"

நான் சொல்லாதவரை அவர் அந்தத் துண்டை ஒவ்வொரு நாளும் பிழிந்துகொண்டிருப்பார். அது எனக்குத் தெரிகிறது. சொன்னால், எதற்காகத் தன் கைகள் போயின என்று கேட்பார். ஒன்றரை மீட்டர் லாங்கிளாத்துக்காக என்று நான் சொல்ல வேண்டும். எது கொடுமை? இரண்டையும் வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். அவருக்கு இரக்கப்பட்டுத்தான் மறைக்கிறேன் என்று சில நாள் எனக்கே தோன்றிவிடுகிறது. அப்படித் தோன்றும் நாளில்தான் என்னை நான் அதிகம் வெறுக்கிறேன்.

உங்களிடம் எழுதுவது எளிது. உங்கள் விரல்கள் மடங்குகின்றன.

நாளைக் காலை சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறார். அவருடைய அளவு எனக்கு மனப்பாடம், வரவே வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்தால் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் வரச் சொல்கிறேன். தோளில் நாடாவை வைத்து அளக்கிறேன், சாயா போட்டுக் கொடுக்கிறேன், குவளையை அவர் வாயருகே பிடிக்கிறேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்.

இது ஏழாவது சட்டை.